நாற்பத்தேழாவது கையெழுத்து

காலை ஆறே முக்காலுக்கு எஞ்சின் அறையில் வெள்ள அலாரம் அலறியது.

சாதாரண அலறல் இல்லை. பல்லில் அடைத்த சிமெண்ட் கழன்று விழுகிற மாதிரி ஓர் அலறல். அது போதாதென்று ஒலிபெருக்கி வேறு, "எஞ்சின் ரூம்ல தண்ணி! எஞ்சின் ரூம்ல தண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

உண்மையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. எல்லாம் பயிற்சி. கறுப்புத் துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்ட ஒரு நெட்டைப் பையன் ஏணிக்கடியில் மண்டியிட்டு, முன்னால் வரிசையாக இருந்த வால்வுச் சக்கரங்களைக் கைகளால் துழாவிக்கொண்டிருந்தான். பம்புக்கு அந்தப் பக்கம் ஸ்டாப் வாட்சோடு நின்றாள் ஸ்பானர்.

ஸ்பானர் என்பது அவளுக்குக் கப்பல் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொந்தமாக ஒரு ஸ்பானரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வந்தவள். இரண்டு வருடமாகியும் அது அந்த பாக்கெட்டை விட்டு இறங்கவில்லை.

பையனின் கை மூன்றாவது சக்கரத்தில் நின்றது.

"அது இல்லய்யா! நாலாவது! நாலாவது!" என்று கத்தினாள் ஸ்பானர்.

அலாரம் அவள் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. பையன் சக்கரத்தைத் திறக்கிற பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கும் வால்வு எப்படி அசையும்? ஆனால் அவனோ, பதற்றத்தில் பக்கத்தை மாற்றித் திருப்புகிறோம் போல என்று நினைத்துவிட்டான். எதிர்ப்பக்கம் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிச் சுற்றுவரை இறுக்கினான்.

ஸ்பானர் பம்பைத் தாண்டிக் குதித்து அவனைப் பிடித்து இழுப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மூன்றாவது வால்வு ஜெனரேட்டரைக் குளிர வைக்கும் தண்ணீருக்கானது. தண்ணீர் போன ஜெனரேட்டர் சூடேறி, ஒரு தடவை முனகி, தானாக நின்றது.

கப்பல் முழுக்க விளக்கணைந்தது. அலாரமும் வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதியில், கண்கட்டு அவிழாமலே பையன் பெருமையாகக் கேட்டான்: "எத்தனை செகண்டு?"

*

ஒவ்வொரு கோடையிலும் கடற்படைக் கல்லூரியில் முதலாண்டு முடித்த மாணவர்கள் ஆறு பேர் ஐந்து வாரத்துக்கு இந்த ரோந்துக் கப்பலுக்கு வருவார்கள். மாலுமிகள் அவர்களை மாப்பிள்ளைகள் என்பார்கள். இன்றைக்கு விருந்தாளியாக வருகிறவர்கள், நாளைக்கு வீட்டையே ஆளப்போகிறவர்கள் அல்லவா?

ஆனால் இந்த மாமியார் வீட்டில் உபசாரம் வேறு தினுசு. வந்த அன்றே கல்லூரிச் சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த நீல முழுச்சட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். தோளில் பட்டை கிடையாது. மாலுமிகள் தூங்குகிற மூன்றடுக்குப் படுக்கையில், யாருக்கும் வேண்டாத மேல்தட்டுதான் கிடைக்கும். தலைக்கு ஒரு சாண் மேலே குழாய் ஓடும். நாளைக்கு ஆணையிடப் போகிறவன், இன்றைக்கு ஆணைக்குக் கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. இரண்டாவது கோடையில் பாய்மரப் படகும் விமானமும் பார்க்கலாம். மூன்றாவது கோடையில்தான் அதிகாரிகள் மேஜையில் உட்காரலாம். முதல் கோடையில் துரு சுரண்டுவதும் தட்டு கழுவுவதும் பாக்கியம்.

ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் ஒரு மாலுமியைக் கூட்டாளியாகக் கட்டிவிடுவார்கள். கூட்டாளி போகிற இடமெல்லாம் அவனும் போக வேண்டும். நெட்டைக்குக் கிடைத்தவள் ஸ்பானர்.

முதல் நாள் அவன் மரியாதையாக, "வணக்கம் அக்கா" என்றான்.

"யாருக்கு யார் அக்கா? நீ எப்ப பிறந்தே?"

சொன்னான்.

"அப்ப நான் உன்னைவிட ரெண்டு மாசம் சின்னவ. இன்னொரு தடவை அக்கான்னு கூப்பிட்டே, பில்ஜ் தண்ணியை உன்னை விட்டே அள்ள வைப்பேன்."

"சரிங்க அக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்று மாலை வரை கப்பலின் அடிவயிற்றில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை வாளியில் அள்ளினான். நிமிரும்போதெல்லாம் தலை குழாயில் இடித்தது. ஐந்து வாரத்தில் அவன் நெற்றியில் புடைப்பு இறங்கிய நாளே இல்லை.

மாப்பிள்ளைகளின் உயிர் அவர்களுடைய பணிப் புத்தகத்தில் இருந்தது. நீல அட்டை, உள்ளே அறுபத்திரண்டு வேலைகள். கயிற்றில் முடிச்சுப் போடுவது ஒன்று. அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரிப்பது பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வேலையைத் தினமும் செய்கிற மாலுமி கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி போட்டால் செல்லாது. உருளைக்கிழங்குக்குச் சமையல்காரர்தான் போட வேண்டும். கேப்டனே நினைத்தாலும் முடியாது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த மாணவனுக்கு விடுமுறை கிடையாது. வேறொரு கப்பலில் மறுபடி ஐந்து வாரம். அங்கேயும் காலி என்றால் கல்லூரிக்கே முழுக்கு.

நாற்பத்தேழாவது வேலை ஸ்பானருடையது. கப்பலுக்குள் வெள்ளம் புகுந்து விளக்கும் அணைந்துவிட்டால் என்ன செய்வது? கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணியிலிருந்து வால்வு வரிசைக்குப் போய், உள்ளே புகுந்த தண்ணீரை உறிஞ்சும் நாலாவது வால்வை முதலில் திறக்க வேண்டும். பிறகு, கடலிலிருந்து இழுக்கும் முதல் வால்வை மூட வேண்டும். தொண்ணூறு விநாடிக்குள்.

நெட்டை அதில் திங்கட்கிழமை காலை தோற்ற கதையைத்தான் பார்த்தோம்.

*

"உன் மாப்பிள்ளை வந்த வீட்டுல விளக்கை அணைச்சிட்டாராமே?" என்று சாப்பாட்டு அறையில் ஆரம்பித்தார் சமையல்காரர். "மாவு பிசையிற மிஷின் பாதியில நின்னு போச்சு. மேல கேப்டன் ஒரு கன்னத்துல மட்டும் ஷேவ் பண்ணிட்டு நிக்கிறார். எலெக்ட்ரிக் ரேஸர்!"

அறையே சிரித்தது. நெட்டை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"சிரிச்சது போதும்" என்றாள் ஸ்பானர். "இவன் கல்லூரியில படிச்ச வரைபடத்துல நாலு வால்வுதான். நம்ம கப்பல்ல ரிப்பேர் பண்ணப்போ ஒண்ணு கூடுதலா நுழைச்சாங்க. படத்துல மூணாவது, இங்க நாலாவது. மண்டையில படம் ஒட்டிக்கிச்சு, உரிக்க முடியல. அவ்வளவுதான்."

"அடேங்கப்பா, மாப்பிள்ளையை விட்டுக் குடுக்க மாட்டேங்கிறாளே!"

"வெளியில விட்டுக் குடுக்க மாட்டேன். உள்ள போய் நல்லா குடுத்துக்குவேன்" என்றாள். நெட்டையின் முகம் அதற்கும் ஒரு சுற்று வெளுத்தது.

அவள் மனதில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. அவளும் ஒரு காலத்தில் அதே கல்லூரியின் நுழைவுத் தேர்வு எழுதியவள்தான். இரண்டே மதிப்பெண்ணில் போனது. மறு வருடம் எழுதலாம் என்று காத்திருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. மாலுமியாகச் சேர்ந்துவிட்டாள். ஆனால் இன்னொரு வாசல் திறந்திருந்தது. இரண்டு வருடம் கப்பலில் வேலை பார்த்த மாலுமிகள், இருபத்தொரு வயது நிறைவதற்குள், மேலதிகாரிகள் பரிந்துரைத்தால் கல்லூரியில் சேரலாம். அவளுக்கு இருபத்தொன்று நிறைய இன்னும் ஒரே மாதம். விண்ணப்பம் சனிக்கிழமை கப்பல் துறைமுகம் சேர்ந்ததும் தபால் பையில் போயாக வேண்டும். கேப்டனின் மேஜைக்குப் போகுமுன் அதில் எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரமாக அது அவர் மேஜையில் ஒரு பித்தளைக் கட்டியின் கீழ் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசக் கிடைத்த மூன்று நிமிடத்தில் அம்மா முதலில் கேட்டதே அதைத்தான். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

"பேப்பர் போச்சா?"

"எஞ்சினியர் மேஜையில இருக்கும்மா."

"இன்னுமா? நான் டிப்போ முழுக்கச் சொல்லிட்டேனே!"

"ஏம்மா சொன்னே?"

"என் பொண்ணு, நான் சொல்றேன். உனக்கென்ன வந்துச்சு?"

*

எஞ்சினியர் கெட்டவர் இல்லை. பத்து வருடமாக அந்தக் கப்பலைவிட்டு இறங்காதவர். எஞ்சின் இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு பித்தளைப் பட்டை. 'வந்தவர் ஆறு, தேறியவர் ஆறு.' பத்துக் கோடை, பத்துப் பட்டை, அறுபது மாணவர்கள். ஒருவன்கூடக் காலிக் கட்டத்தோடு இறங்கியதில்லை. வேறு எந்தக் கப்பலிலும் இப்படி ஒரு பலகை கிடையாது. அதைத் துடைக்க அவர் யாரையும் விடமாட்டார். சொந்தக் கையால், சொந்தத் துணியால் துடைப்பார்.

பதினோராவது பட்டையைச் செய்தும் வைத்துவிட்டார் என்று பேச்சு.

புதன்கிழமை நெட்டையின் இரண்டாவது முயற்சிக்கு அவரே இறங்கி வந்தார். எஞ்சின் அறையின் அத்தனை மாலுமிகளும் சுற்றி நின்றார்கள். இந்தத் தடவை அலாரம் வேண்டாம், வாய்ச் சொல்லில் தொடங்கினால் போதும் என்றார். ஸ்பானர் துணியைக் கட்டினாள். வாட்சை அழுத்தினாள்.

நெட்டை ஏணியிலிருந்து நன்றாகவே நகர்ந்தான். பம்பைத் தொட்டான். சக்கர வரிசையைப் பிடித்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." கை மூன்றாவதில் நின்றது. விரல்கள் இறுகின.

"க்கும்" என்று இருமினார் எஞ்சினியர்.

விரல்கள் தளர்ந்தன. கை ஒரு சக்கரம் தள்ளி நாலாவதைப் பிடித்தது. திறந்தான். திரும்பி முதல் வால்வுக்குப் போனான். மூடினான்.

"எண்பத்தி நாலு செகண்டு!" என்று எட்டிப் பார்த்து ஒருவன் கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். எஞ்சினியர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்து நீட்டினார்.

"போடும்மா கையெழுத்தை."

ஸ்பானர் பேனாவை வாங்கவில்லை. நீலப் புத்தகம் அவள் கையில் திறந்தபடி இருந்தது. நாற்பத்தேழு என்ற எண். பக்கத்தில் வெள்ளைக் கட்டம்.

"எனக்குத் திருப்தி இல்ல சார்."

"என்ன?"

"திருப்தி இல்ல."

"நாலாவது வால்வைத் திறந்தானா இல்லையா? நேரத்துக்குள்ள முடிச்சானா இல்லையா? இன்னும் என்ன, உனக்கு அவன் பாட்டு வேற பாடணுமா?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இருபது பேர் முன்னால், 'நீங்க இருமினீங்க' என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட அவளுக்கு நாக்கு அரித்தது. புத்தகத்தை மூடினாள்.

"அவன் கை வெச்சா சரியான இடத்துல வெப்பான்னு என் பேர் போட்டு நான் சொல்லணும் சார். இன்னும் என்னால சொல்ல முடியல."

எஞ்சினியர் பேனாவை மூடிப் பையில் செருகினார். கிளிப் மாட்டவில்லை, மறுபடி செருகினார்.

"உன் பேப்பர் என் மேஜையில இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"நல்லா ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். ஒவ்வொரு படியும் தனித்தனியாகச் சத்தம் போட்டது.

*

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அவளுக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாக்கியில்லை.

"ஒரு கிறுக்கல் கிறுக்கி மாப்பிள்ளையை அனுப்பி வைக்காம, எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை?" என்றான் கொடிகளைக் கவனிக்கிற மாலுமி. "போறவன் போறான். நீ உன் வழியை அடைச்சுக்கிறியே."

"அறுபது பேருக்குப் போட்டாங்க. அறுபத்தோராவது ஆளுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?" என்றார் சமையல்காரர். திட்டிக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி சேர்த்து வைத்தார்.

ஸ்பானர் சாப்பிட்டு முடித்து, டீ டம்ளரோடு எஞ்சின் அறைக்கு இறங்கினாள். அவள் முறை தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நெட்டை அங்கே முன்பே வந்து, வால்வு வரிசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான்.

'கேட்கப் போகிறான்' என்று நினைத்தாள். 'கெஞ்சினால் ஒரு பதில், சண்டைக்கு வந்தால் ஒரு பதில்' என்று இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நான் இருமலைக் கேட்டேன்."

தயார் செய்த இரண்டு பதிலும் வீணாகின. ஸ்பானர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கை மூணாவதுலதான் இருந்துச்சு. அதுதான் சரின்னு நினைச்சுத் திருப்பப் போனேன். இருமல் கேட்டுச்சு. கை தானா நகர்ந்திடுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. எல்லாரும் கைதட்டினப்போ கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு." நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டான். "நீங்க பேனாவை வாங்கியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

"இப்பத் திறந்தியே, அது போதும்."

"உங்க பேப்பர் என்னது? அவர் சொன்னாரே?"

"அது உனக்கெதுக்கு? எழுந்திரு."

"எதுக்கு?"

"நாளைக்கும் நாளன்னைக்கும் இருக்கு. இந்த ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறதை முதல்ல மறக்கணும் நீ. எண்ண ஆரம்பிச்சாலே உன் மண்டையில அந்தப் படம் வந்து உட்காருது."

"எண்ணாம எப்படி?"

"உங்க வீட்டுல இருட்டுல கதவுத் தாழ்ப்பாள் எங்க இருக்குன்னு எண்ணிப் பார்த்தா திறக்கிறே? இங்க வா. முதுகை ஏணியில ஒட்டு. வலது முழங்கால் பம்புல இடிக்குதா? இடிக்கணும். அப்படியே கையை நீட்டு. நான் நீட்டுற அளவுக்கு நீட்டாதே, உனக்குக் கை ஒட்டகக் கழுத்து மாதிரி. முழங்கையை மடக்கி நீட்டு."

நீட்டினான். உள்ளங்கை போய் நேராக நாலாவது சக்கரத்தில் விழுந்தது. அவன் கண்ணை அகல விரித்தான்.

"மறுபடி" என்றாள்.

புதன் முழுக்க, வியாழன் முழுக்க, தங்கள் முறை முடிந்த பிறகும் மாற்றாட்களின் காலுக்கு இடையில் புகுந்து இதையே செய்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் ஸ்பானர் எண்ணுவதை விட்டுவிட்டாள். எழுபதாவது தடவையோ என்னவோ, நெட்டை கண்கட்டோடு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "இது மூணாவது, வழுக்குது. நாலாவதுல விளிம்புல ஒரு சொட்டை இருக்கு, அடிபட்டு நசுங்கின மாதிரி" என்றான். ஸ்பானர் குனிந்து தடவிப் பார்த்தாள். இருந்தது. இரண்டு வருடமாக அதைப் பிடித்துத் திருப்பியவளுக்கு அந்தச் சொட்டை தெரியாது.

"பார்றா" என்றாள். அதற்கு மேல் பாராட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை கேப்டன் புத்தகங்களைப் பார்த்தார். ஐந்து புத்தகம் சடசடவென்று புரண்டன. ஆறாவதில் நாற்பத்தேழாவது கட்டத்தில் விரல் நின்றது. அவரே எஞ்சின் அறைக்கு இறங்கி வந்துவிட்டார்.

எஞ்சினியர் ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம், நடுவில் நெட்டை. நிமிர்ந்து நின்றால் குழாய் இடிக்கும் என்பதால் கழுத்தைச் சாய்த்து நின்றான்.

"இது ஏன் காலியா இருக்கு?" என்றார் கேப்டன்.

"செஞ்சு முடிச்சிட்டார் சார்" என்றார் எஞ்சினியர். "எண்பத்தி நாலு செகண்டு. இவங்க கையெழுத்துதான் பாக்கி."

கேப்டன் ஸ்பானர் பக்கம் திரும்பினார். "செஞ்சாரா?"

'ஆமாம்' என்று ஒரு சொல். விண்ணப்பம் தபால் பையில் ஏறிவிடும். டிப்போவில் அம்மா சொன்ன சொல் பொய்யாகாது.

"செய்யல சார்" என்றாள்.

"எஞ்சினியர் செஞ்சார்ங்கிறார். நீங்க செய்யலங்கிறீங்க. ரெண்டுல எது?"

"செய்யல சார்" என்று இடையில் புகுந்தான் நெட்டை. "என் கை தப்பான வால்வுல இருந்துச்சு. யாரோ இருமினாங்க. அதைக் கேட்டு மாத்திக்கிட்டேன். அது என் தப்பு சார். இவங்க செஞ்சது சரி."

யார் இருமியது என்று கேப்டன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எஞ்சினியரின் காது மடல்கள் எச்சரிக்கை விளக்கு நிறத்துக்கு வந்துவிட்டன.

"சரி" என்றார் கேப்டன். சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். "இங்க யாருக்காவது இருமல், தும்மல், விக்கல் எதுவா இருந்தாலும் இப்பவே மேல போய் முடிச்சிட்டு வாங்க. அப்புறம் எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது. அலாரத்தைப் போடுங்க."

அலாரம் அலறியது.

ஸ்பானர் துணியைக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வாட்சை அழுத்தினாள்.

நெட்டை எண்ணவில்லை. உதடு அசையவே இல்லை. முதுகு ஏணியில் ஒட்டியது, முழங்கால் பம்பில் இடித்தது, கை மடங்கி நீண்டது. சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரல் ஓடி, ஓரிடத்தில் நின்றது. சொட்டை! அவன் சிரிப்பது கண்கட்டுக்குக் கீழே தெரிந்தது. நாலாவதைத் திறந்தான். இடது பக்கம் நழுவிப் போய் முதலாவதை மூடினான். இரண்டு கையையும் தூக்கினான்.

ஸ்பானர் வாட்சை நிறுத்தினாள். ஐம்பத்தொன்பது.

மார்புப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். புத்தகத்தை பம்பின் மேல் வைத்து, பெயரையும் பணி எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதுவதுபோல எழுதினாள். சுற்றி நின்றவர்கள் புதன்கிழமை தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எஞ்சினியர் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு ஏணி ஏறிப் போனார்.

*

சனிக்கிழமை கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டது. ஆறு மாப்பிள்ளைகளும் கல்லூரிச் சீருடை மாட்டிக்கொண்டு, தேய்த்த சட்டையும் பளபளக்கும் காலணியுமாக, அடையாளமே தெரியாமல் வந்து நின்றார்கள்.

நெட்டை பையைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் அறை வாசலுக்கு வந்தான்.

"போயிட்டு வரேன்..." என்று இழுத்தான். எப்படிக் கூப்பிடுவது என்று ஐந்து வாரமாகியும் அவனுக்கு முடிவாகவில்லை.

"அக்கான்னு சொன்னே, வாளி ரெடியா இருக்கு."

"போயிட்டு வரேன், ஸ்பானர்."

"போ. போற கப்பல்ல முதல்ல வால்வைத் தடவிப் பாரு, அப்புறம் படத்தைப் பாரு."

அவன் திரும்பினான். வாசல் குழாய்க்குக் கீழே, கையில் பையோடு, அண்ணாந்து பார்க்காமலே தலையைக் குனிந்து நழுவிப் போனான். முதல் தடவையாக இடிக்கவில்லை.

ஸ்பானர் தபால் அறைக்குப் போனாள். கால் பின்னுக்கு இழுத்தது. எழுத்தர் பையின் வாயைக் கட்டி அரக்கு வைக்கத் தயாராக இருந்தார்.

"என்னுது... இல்லையா?" என்றாள்.

"எது?"

"கல்லூரி விண்ணப்பம்."

"உள்ள போட்டாச்சே. உனக்கு நகல் வேணுமா? இந்தா" என்று ஒரு தாளை நீட்டினார் எழுத்தர். "நேத்து கேப்டன் வேற ரெண்டு வரி சேர்த்தார். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம், எடுத்துக்கோங்கன்னு. எஞ்சினியர்தான் அதுக்கு முன்னாடியே போட்டு அனுப்பிட்டாரே."

"எப்ப?"

"தேதி போட்டிருக்கு பார்."

பார்த்தாள். எஞ்சினியரின் பெரிய, சாய்ந்த கையெழுத்து. அதற்குக் கீழே தேதி. வெள்ளிக்கிழமை இல்லை. வியாழக்கிழமைகூட இல்லை. புதன்கிழமை. அவள் பேனாவை வாங்காமல் நின்ற அதே நாள்.

வழியில் சமையல்காரர் எதிர்ப்பட்டார். அவளுக்கு முன்பே அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன, அடுத்த கோடையில நீயே இங்க மாப்பிள்ளையா வருவே போலிருக்கே! மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு எடுத்து வைக்கிறேன். என் கையெழுத்து சும்மா கிடைக்காது, சொல்லிட்டேன்!"

"சும்மா குடுத்தா நான் வாங்குவேனா?" என்றாள். சிரிப்பு வாய் கொள்ளவில்லை.

எஞ்சினியர் சாப்பாட்டு அறை வழியில் ஒரு ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார். மரப்பலகையில் பதினோராவது பட்டையைத் திருகாணி வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். 'வந்தவர் ஆறு, தேறியவர் ஆறு.' மேலே இருந்த பழைய பத்துப் பட்டைகளையும் அவர் கழற்றிக் கீழே ஒரு துணியில் அடுக்கி வைத்திருந்தது அவளுக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது.

"சார்" என்றாள். நகலை நீட்டினாள். "புதன்கிழமை போட்டிருக்கீங்க."

"ஆமா."

"புதன்கிழமை நீங்க என் மேல கோவமா இருந்தீங்களே சார்."

எஞ்சினியர் திருகாணியைக் கடைசிச் சுற்று முடுக்கினார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். துணியில் கிடந்த பத்துப் பட்டைகளையும் சேர்த்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பத்துக் கோடையா இருமியிருக்கேன்மா, நேத்து கேப்டன் முன்னாடிகூட அந்தப் புத்தி விடல. ஒவ்வொரு தடவையும் யாராவது பேனாவை வாங்கிட்டாங்க. வாங்காத முதல் ஆள் நீதான்."